இரண்டு கெடுக்களும் ஒரு திரையும்: காற்று அளவுடன் இணைந்த டைவ் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்தல்

கடலடியில் சிலிண்டர் காற்றைச் சுவாசித்து நீந்தும் ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கெடுக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. உடலின் திசுக்களில் கரைந்து சேர்ந்துகொண்டிருக்கும் நைட்ரஜன் விதிப்பது ஒரு கெடு. முதுகில் சுமந்த சிலிண்டரில் குறைந்துகொண்டே வரும் காற்று விதிப்பது மற்றொரு கெடு. நெடுங்காலம் இவ்விரண்டும் தனித்தனியாகவே கவனிக்கப்பட்டன. முதலாவதை அச்சிட்ட அட்டவணையும், பின்னர் மணிக்கட்டில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் எனப்படும் முக்குளிப்புக் கணினியும் காட்டின; இரண்டாவதை, சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரிலிருந்து நீளும் குழாயின் முனையில் தொங்கும் அழுத்தமானியின் முள் காட்டியது. சிலிண்டரின் அழுத்தத்தையும் தானே பெற்று, இரண்டு கெடுக்களையும் ஒரே திரையில் காட்டும் கருவியையே கடைக்காரர்களும் பயிற்றுநர்களும் ‘ஏர் இன்டகிரேட்டட்’ கம்ப்யூட்டர் என்று வழங்குகின்றனர். பொழுதுபோக்கு முக்குளிப்பில், அதாவது 40 மீட்டர் ஆழத்துக்கு உட்பட்டு, இடையில் கட்டாய நிறுத்தமின்றி எந்நேரமும் நேராக மேலேறிவிடக்கூடிய முக்குளிப்பில், இக்கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

இத்தகைய கருவிகளின் விளம்பரங்கள் திரையின் வண்ணத்தையும், இணைக்கத்தக்க சிலிண்டர்களின் எண்ணிக்கையையும், கைப்பேசியோடு உள்ள தொடர்பையும் முன்னிறுத்துகின்றன. ஆனால் திரையில் தோன்றும் எண்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல என்பதே வாங்குபவர் முதலில் அறியவேண்டியது. ஆழமும் நேரமும் சிலிண்டர் அழுத்தமும் உணர்விகள் நேரடியாக அளந்து தருபவை. நைட்ரஜன் பற்றிய எண்கள் ஒரு கணித மாதிரியின் வழியே கணிக்கப்பட்டவை. ‘இன்னும் இத்தனை நிமிடத்துக்குக் காற்று உண்டு’ என்னும் எண்ணோ, கடந்த சில நிமிடங்களைக் கொண்டு வரப்போகும் நிமிடங்களைப் பற்றிச் செய்யப்படும் ஊகம். அளவு, கணிப்பு, ஊகம் என்னும் இம்மூன்றையும் பிரித்தறிந்தவருக்குத் தேர்வு எளிதாகிவிடும். பிரித்தறியாதவருக்கு விலை உயர்ந்த கருவியும் பொய்யான துணிவையே தரும்.

அளவு

கணினி ஆழத்தை நேரடியாக அறிவதில்லை. தன்மேல் அழுத்தும் நீரின் அழுத்தத்தை அளந்து அதை மீட்டராக மாற்றிக் காட்டுகிறது. நன்னீரைவிடக் கடல்நீர் அடர்த்தி மிக்கது என்பதால், இம்மாற்றத்துக்கு ஓர் ஏற்கப்பட்ட அடர்த்தி வேண்டும். ஈஎன் 13319 என்னும் ஐரோப்பியத் தரநிலை, 10 மீட்டருக்கு ஒரு பார் அழுத்தம் கூடும் வகையில் அதை வகுத்துள்ளது. எனவே இரு கருவிகளின் திரைகளுக்கிடையே அரை மீட்டர் வேறுபாடு தென்படுவது பழுதாகாது. நைட்ரஜன் கணக்கு அழுத்தத்தையே அடிப்படையாகக் கொள்வதால் அக்கணக்கும் இதனால் கெடுவதில்லை.

சிலிண்டர் அழுத்தம் கணினியை அடைய இரண்டு வழிகள் உள்ளன. பழைய வழியில், ரெகுலேட்டரின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் எனப்படும், சிலிண்டர் வால்வில் பொருத்தப்படும் பகுதியிலிருந்து வரும் உயரழுத்தக் குழாயின் முனையிலேயே கணினி அமைந்திருக்கும். சூன்டோ நிறுவனத்தின் கோப்ரா இவ்வகைக்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. இதில் சிக்னல் அறுபடும் பேச்சே இல்லை. ஆனால் கணினியைப் பார்க்க ஒவ்வொரு முறையும் குழாயை எடுத்துத் தூக்கிப் பிடிக்கவேண்டும் என்பதும், ரெகுலேட்டரைப் பராமரிப்புக்குக் கொடுக்கும்போது கணினியையும் கழற்றவோ உடன் அனுப்பவோ வேண்டும் என்பதும் இதன் குறைகள். புதிய வழியில், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உயரழுத்தத் துளையில் கட்டைவிரல் பருமனுள்ள டிரான்ஸ்மிட்டர் ஒன்று திருகப்பட்டு, அது அழுத்தத்தை அளந்து மணிக்கட்டிலுள்ள கணினிக்குக் கம்பியில்லாமல் அனுப்புகிறது. இன்று சந்தையில் பெரும்பான்மை இவ்வகையே.

கணிப்பு

நைட்ரஜன் கெடுவின் வேர் 1908 ஆம் ஆண்டில் உள்ளது. ஜே.எஸ். ஹால்டேன், பாய்காட், டமன்ட் ஆகிய மூவரும் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் செய்த சோதனைகளின் அடிப்படையில் வெளியிட்ட ஆய்வு, உடலை 5, 10, 20, 40, 75 நிமிட அரைக்காலம் உடைய ஐந்து கற்பனைத் திசுக்கூறுகளாகப் பகுத்துக்கொண்டது. அரைக்காலம் என்பது, ஒரு திசுக்கூறு அந்த ஆழத்தில் தான் ஏற்கவேண்டிய நைட்ரஜனில் பாதியை ஏற்பதற்கு எடுத்துக்கொள்ளும் காலம். சூரிச் நகரில் ஆய்வு நடத்திய ஆல்பர்ட் பியூல்மான் இம்முறையை வளர்த்து, திசுக்கூறுகளைப் 16 ஆக்கி, மிக மெதுவானதன் அரைக்காலத்தை 635 நிமிடமாக வகுத்தார். 1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்கா எட்ஜும் ஐரோப்பாவில் டெகோபிரெய்னும் விற்பனைக்கு வந்தபோது, இக்கணக்கு அட்டவணையிலிருந்து நீங்கி நீருக்குள்ளேயே நொடிக்கு நொடி நிகழும் ஒன்றாயிற்று.

இன்றைய கணினிகள் இம்மாதிரிகளின் வெவ்வேறு வடிவங்களைப் பயன்படுத்துகின்றன. ஷியர்வாட்டர், கார்மின் கருவிகள் பியூல்மானின் மாதிரியைக் கிரேடியன்ட் ஃபாக்டர் என்னும் திருத்தத்துடன் கையாளுகின்றன. ஒரு திசுக்கூறு தாங்கும் என்று மாதிரி வகுத்த உச்சத்தில் எத்தனை விழுக்காடு வரை அனுமதிப்பது என்பதை இரண்டு எண்களால் குறிக்கும் இத்திருத்தத்தை எரிக் பேக்கர் 1990களில் உருவாக்கினார். 40/85 என்று அமைக்கப்பட்ட கருவியில், நீர்ப்பரப்பை அடையும் கணத்தில் எந்தத் திசுக்கூறும் அதன் உச்சத்தின் 85 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது இரண்டாம் எண்ணின் பொருள். அதைக் குறைத்தால் எச்சரிக்கை கூடும், நீருக்கடியில் தங்கும் நேரம் குறையும். சூன்டோ நிறுவனம் ப்ரூஸ் வீன்கே வகுத்த நுண்குமிழி மாதிரியின் வழிவந்த கணக்கைப் பல கருவிகளில் பயன்படுத்திவந்துள்ளது. ஓஷியானிக் கருவிகள் சில, இரண்டு கணக்குகளில் ஒன்றைப் பயனரே தெரிவுசெய்ய இடமளிக்கின்றன. அன்றைய முதல் முக்குளிப்பில் இவற்றிடையே பெரிய வேறுபாடு தெரியாது; ஒரே நாளில் மூன்றாவது, நான்காவது முறை இறங்கும்போதுதான் ஒரு கணினி மேலேறச் சொல்ல, மற்றொன்று இன்னும் பத்து நிமிடம் தரும். ஆதலால் வழக்கமாக உடன் இறங்கும் துணைவரின் கருவியையொத்த கணக்கை உடையதை வாங்குவது நடைமுறையில் மிகுந்த பயன் தரும். இல்லையேல் இருவரும், இரண்டில் எது முன்னதாக மேலேறச் சொல்கிறதோ அதற்கே கட்டுப்படவேண்டும்.

எந்த மாதிரியாயினும், பொதுவாகக் கணினிக்குத் தெரிந்தவை ஆழமும் நேரமும் பயனர் பதிவுசெய்த வாயுக் கலவையும் மட்டுமே. இரத்தத்தில் அது எதையும் அளப்பதில்லை. வயது, களைப்பு, நீரிழப்பு, குளிர் எதுவும் அதற்குத் தெரியாது. ஆக்சிஜன் விகிதம் கூட்டப்பட்ட நைட்ராக்ஸ் காற்றைப் பயன்படுத்துவோர் சிலிண்டரைச் சோதித்துப் பாராமல் 32 விழுக்காடு என்று பதிவுசெய்துவிட்டால், அதன்மேல் எழும் கணக்கு முழுவதும் அப்பதிவின் தவறைச் சுமந்தே நடக்கும். சிலிண்டர் இணைப்பு இக்குறையைத் தீர்ப்பதில்லை. ஏனெனில் டிரான்ஸ்மிட்டர் அழுத்தத்தை அறியுமே அன்றிக் கலவையை அறியாது. ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் கலிலியோ வரிசைக் கருவிகள் சுவாச வேகத்தையோ இதயத் துடிப்பையோ கொண்டு உடலுழைப்பை மதிப்பிட்டு நைட்ரஜன் கணக்கில் சேர்க்கின்றன. காற்று இணைப்பு நைட்ரஜன் கணக்கைத் தொடும் அரிய இடம் இது. அங்கும் கிடைப்பது செம்மைப்படுத்திய கணிப்பே.

ஊகம்

திரையில் மிகுந்த கவர்ச்சியுடையதும் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் ‘எஞ்சிய காற்று நேரம்’ என்னும் எண். ஷியர்வாட்டர் கருவிகளில் இது, கடைசி இரண்டு நிமிடங்களின் சராசரி நுகர்வை எடுத்துக்கொண்டு, இதே ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருந்தபின் நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் நேராக மேலேறினால், பயனர் ஒதுக்கிய இருப்பு அழுத்தத்துடன் நீர்ப்பரப்பை அடைய முடியும் என்று கணக்கிடப்படுகிறது. பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளுக்கும் ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்’ என்று காரின் திரை காட்டும் எண்ணுக்கும் உள்ள உறவே இங்கும் உள்ளது. மலைப்பாதை தொடங்கியதும் பின்னதன் நம்பகம் போய்விடும். மாலத்தீவின் கால்வாய்களில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தத் தொடங்கும் ஒருவரின் சுவாசம் சில நிமிடங்களில் இருமடங்காகக் கூடும். அப்போது திரையில் இருந்த 25 நிமிடம் 12 ஆகச் சரியும்; சரிவதற்கு முன்பிருந்த 25 அந்தக் கணத்துக்கே உரிய ஊகமாக இருந்தது.

இந்த ஊகத்தை எடைபோட, வாங்குபவர் ஒருமுறையேனும் கணக்கைக் கையால் செய்து பார்க்கவேண்டும். உலகெங்கும் வாடகைக்குக் கிடைக்கும் 80 கன அடி அலுமினியச் சிலிண்டரின் உட்கொள்ளளவு 11.1 லிட்டர், அதில் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,220 லிட்டர் காற்று இருக்கும். நீர்ப்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கும் ஒருவருக்கு, அழுத்தம் 2.8 பார் ஆகும் 18 மீட்டர் ஆழத்தில் நிமிடத்துக்கு 56 லிட்டர் தேவை. 50 பாரை இருப்பாக ஒதுக்கினால் எஞ்சும் 1,665 லிட்டர் சுமார் 30 நிமிடத்துக்கு வரும். அதே ஆழத்துக்கு, முக்குளிப்புப் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) அட்டவணை தரும் நைட்ரஜன் எல்லையோ 56 நிமிடம். ஆக, அன்றைய முதல் முக்குளிப்பில், ஒற்றைச் சிலிண்டருடன் இறங்கும் சராசரி முக்குளிப்பவரைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் காற்றுக் கெடுவே. இடைவேளை குறைவான அடுத்தடுத்த முக்குளிப்புகளிலும், சுவாச நுகர்வு குறைந்த அனுபவசாலிகளிடத்திலும், நைட்ரஜன் கெடு முந்திக்கொள்கிறது. நைட்ராக்ஸ் நீட்டிப்பதும் நைட்ரஜன் கெடுவை மட்டுமே. காற்று அதனால் ஒரு லிட்டரும் கூடுவதில்லை. இரண்டில் எது முந்தும் என்பது ஆழத்துக்கும் ஆளுக்கும் நாளின் எத்தனையாவது முறை என்பதற்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருப்பதால், இரண்டையும் அருகருகே காட்டும் திரைக்கு உண்மையான பயன் உண்டு. அப்பயனே காற்று இணைப்புக்குச் சொல்லத்தக்க முதன்மையான நியாயம்.

இருப்பு அழுத்தம் எவ்வளவு என்பதும் கருவியின் முன்னமைவுக்கு விட்டுவிடத் தக்கதன்று. 30 மீட்டரில் துணைவரின் காற்று தீர்ந்துபோய் இருவரும் ஒரே சிலிண்டரிலிருந்து சுவாசித்து மேலேற நேர்ந்தால், பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று கொள்ளலாம். நிலைமையைச் சமாளிக்க அடியில் ஒரு நிமிடத்துக்கு 240 லிட்டர். மூன்று நிமிட ஏற்றத்துக்குச் சராசரி 2.5 பாரில் 450 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு 270 லிட்டர். மொத்தம் 960 லிட்டர். 11.1 லிட்டர் சிலிண்டரில் இது ஏறத்தாழ 87 பார் ஆகும். பலரும் மனப்பாடமாகச் சொல்லும் 50 பார், 30 மீட்டரிலிருந்து இருவர் மேலேறப் போதாது. எனவே இருப்பு அழுத்தத்தையும் எச்சரிக்கை ஒலி எழும் அழுத்தத்தையும் பயனரே மாற்றியமைக்க முடிகிறதா என்பது, வாங்கும்போது கேட்கவேண்டிய தலையாய கேள்வி. எஞ்சிய நேரக் கணக்கில் பாதுகாப்பு நிறுத்தம் சேர்க்கப்படுகிறதா என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். அதைக் கையேட்டைப் புரட்டி உறுதிசெய்துகொள்ளவேண்டும்.

இணைப்பின் நம்பகம்

கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், புளூடூத்தும் வைஃபையும் பயன்படுத்தும் உயர் அதிர்வெண் அலைகள் அதில் சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். அதனால் பரவலாக உள்ள டிரான்ஸ்மிட்டர்கள் 38 கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்துகின்றன. அவற்றின் எட்டும் தொலைவு ஏறத்தாழ ஒரு மீட்டர். கணினி எந்தக் கையில் கட்டப்படுகிறதோ அந்தப் பக்கத்துத் துளையிலேயே டிரான்ஸ்மிட்டரைப் பொருத்துவது இதனால்தான் வழக்கம். பெரும்பாலானவை ஐந்து நொடிக்கொருமுறை என்னும் அளவில் அனுப்பிக்கொண்டே இருக்குமே தவிர, தகவல் சென்று சேர்ந்ததா என்று அறிவதில்லை. அருகில் பல டிரான்ஸ்மிட்டர்கள் இருக்கும்போது சிக்னல்கள் மோதிக்கொள்ளலாம். ஷியர்வாட்டரின் சுவிஃப்ட், பிறர் அனுப்புவதை முதலில் கேட்டறிந்து இடைவெளியில் தன்னுடையதை அனுப்பி இதைத் தவிர்க்கிறது. கார்மின் டிசென்ட் வரிசை, மின்காந்த அலையை விடுத்து ஒலியலையைக் கைக்கொண்டது; எம்கே2ஐ கருவி 10 மீட்டர் தொலைவு வரையுள்ள துணைவர்களின் சிலிண்டர் அழுத்தத்தையும் காட்ட வல்லது. நான்கு மாணவர்களை ஒருசேர அழைத்துச் செல்லும் பயிற்றுநருக்கு இது பெரும் துணை. தன் சிலிண்டர் ஒன்றை மட்டும் பார்க்கவேண்டியவருக்கு அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது தேவையற்றது.

சிக்னல் அறுபட்டபோது கருவி என்ன செய்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. கடைசியாகப் பெற்ற எண்ணையே திரையில் நிறுத்திவைப்பதைவிட, தொடர்பில்லை என்று தெளிவாகக் கூறும் கருவி மேலானது. நின்றுபோன எண் உண்மையான எண்ணைப் போலவே தோற்றமளிக்கும் என்பதே அதன் ஆபத்து. படகில் உதவியாளர்கள் டிரான்ஸ்மிட்டரைக் கைப்பிடி என்று கருதிச் சிலிண்டரை அதைப் பிடித்துத் தூக்குவதும் நடக்கக்கூடியதே. ஆதலால் சிலர் ஒரு சாண் நீளக் குழாயை இடையில் பொருத்தி அதன் முனையில் அதை மாட்டிக்கொள்கின்றனர்.

முள்ளை நீக்கலாமா

டிரான்ஸ்மிட்டர் வந்தபின் பழைய அழுத்தமானியைக் கழற்றிவிடலாமா என்பது முக்குளிப்போரிடையே ஓயாத வழக்கு. 1849 இல் யூஜீன் பூர்டோன் காப்புரிமை பெற்ற வளைகுழாய் அமைப்பில் இயங்கும் அந்த மானிக்கும் குறைகள் உண்டு: குழாய் வெடிக்கும், ஓ-ரிங் கசியும், முள் சிக்கிக்கொள்ளும். பொழுதுபோக்கு முக்குளிப்பில் நேராக மேலேறும் வழி எப்போதும் திறந்திருப்பதால், அழுத்தம் தெரியாமல் போனவுடன் முக்குளிப்பை முடித்துக்கொள்வது என்னும் ஒரே விதி பாதுகாப்புக்குப் போதுமானது. மானி கூடுதலாக இருந்தால் அன்றைய முக்குளிப்பு பாழாகாமல் தப்பும்.

ஆயினும் முள்ளிடம் எண்ணிடம் இல்லாத ஒரு திறன் உண்டு. நீரில் இறங்குமுன் ரெகுலேட்டரில் நான்கைந்து முறை ஆழமாகச் சுவாசித்தபடி மானியைப் பார்ப்பது நல்ல பழக்கம். சிலிண்டர் வால்வு முழுதும் திறக்கப்படாமல் சிறிதே திறந்திருந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே சரிந்து மீண்டும் ஏறும். நீர்ப்பரப்பில் அந்தச் சிறு திறப்பே சுவாசத்துக்குப் போதுமானதாகத் தோன்றும். 20 மீட்டரில் மூச்சுத் திணறும். ஐந்து நொடிக்கொருமுறை புதுப்பிக்கப்படும் எண் இந்தத் துடிப்பைத் தவறவிடக்கூடும். முள்ளை நீக்கிவிடுபவர், வால்வைக் கையால் திருகிச் சரிபார்ப்பதைத் தவறாத வழக்கமாக்கிக்கொள்ளவேண்டும்.

தேர்வின் வரிசை

மேற்கூறியவற்றிலிருந்து தேர்வுக்கு ஒரு வரிசை அமைகிறது. முதலாவது, முதன்மையான எண்களின் தெளிவு: ஆழம், நேரம், நைட்ரஜன் எல்லை, சிலிண்டர் அழுத்தம் ஆகிய நான்கும், பொத்தானை அழுத்தாமலேயே, முகக்கண்ணாடி வழியே கலங்கிய நீரிலும் ஒரே பார்வையில் படவேண்டும். நாற்பதைக் கடந்து, அருகிலுள்ள எழுத்தைப் படிக்கத் தடுமாறுபவருக்குக் கைக்கடிகார வடிவக் கருவியைவிடப் பெரிய திரை நன்மை தரும். இரண்டாவது, இணைப்பின் நம்பகமும் அது அறுபட்டால் கருவி தரும் எச்சரிக்கையும். மூன்றாவது, கணிப்பின் முன்னெச்சரிக்கை அளவையும் இருப்பு அழுத்தத்தையும் பயனர் மாற்றும் வசதி. இதனோடு சேர்த்து, எல்லையை மீறினால் கருவி தன்னைப் பூட்டிக்கொள்கிறதா என்றும் கேட்கவேண்டும். சூன்டோ கருவிகள் சில 48 மணி நேரம் கணக்கிட மறுக்கும், ஷியர்வாட்டர் கருவிகள் பூட்டிக்கொள்வதில்லை. நான்காவது, மின்கலம்: கடையில் கிடைக்கும் ஏஏ மின்கலத்தில் ஓடும் கருவிக்கு, மின்வசதி குறைந்த தீவுகளில், மின்னேற்றம் தேவைப்படும் கருவியைவிடக் கவலை குறைவு, டிரான்ஸ்மிட்டரின் மின்கலத்தைப் பயனரே மாற்ற முடியவேண்டும். ஐந்தாவதாகவே திசைகாட்டி, கைப்பேசித் தொடர்பு, வண்ணங்கள் ஆகியவை வருகின்றன.

பணம் அளவாக உள்ளவர் ஒரே நாளில் அனைத்தையும் வாங்கவேண்டியதில்லை. டிரான்ஸ்மிட்டரைப் பின்னர் சேர்த்துக்கொள்ள இடமளிக்கும் கணினியைத் தனியே வாங்கி, பழைய அழுத்தமானியுடன் ஒரு பருவத்தைக் கழிப்பது நல்ல வழி. வடகிழக்குப் பருவக்காற்று அடங்கிய மாதங்களில் திருகோணமலையிலோ, புதுச்சேரிக் கடலிலோ இறங்கும் ஒவ்வொரு முறையும், தொடக்க அழுத்தம், முடிவு அழுத்தம், சராசரி ஆழம், நேரம் ஆகிய நான்கையும் குறித்துவைத்தால், தன் சுவாசம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை எவரும் கூட்டல் வகுத்தலிலேயே கண்டுகொள்ளலாம். அந்த எண்ணை அறிந்தபின் டிரான்ஸ்மிட்டர் வாங்குபவர், திரை காட்டும் எஞ்சிய நேரத்தைத் தன் கணக்கோடு ஒத்துப்பார்த்து, அது எப்போது நம்பத்தக்கது, எப்போது தகாதது என்று தீர்ப்பளிக்கக்கூடியவர் ஆகிறார். அந்தத் தகுதியை எந்த விலையிலும் கருவி தருவதில்லை. அதை முதலில் ஈட்டிக்கொண்டவருக்கு, நடுத்தர விலைக் கருவியே போதும்.